இதோ வந்துட்டேன்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. லைசென்ஸில் அச்சாகிச் சட்டைப்பைக்குள் பத்திரமாக இருந்தது, அதோடு சரி. வெளியே அவருக்குப் பெயர் 'வந்துட்டேன்'. பல் டாக்டர்களின் கிளினிக்குகளில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒருத்திக்கொருத்தி போன் போட்டுக் கேட்பார்கள். "ஏம்மா, உங்ககிட்ட வந்துட்டேன் வந்துட்டாரா?" "எங்க? வந்துட்டேன் இன்னும் வரவே இல்லையே!" புதிதாக வந்த நோயாளி யாராவது இதைக் கேட்டால், பல்வலியோடு தலைவலியும் சேர்ந்துகொள்ளும்.

நம்மாள் ஒரு பல் லேபில் டிரைவர். லேப் என்றால் ரொம்பப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பிளாஸ்டர் தூள் படிந்த ஒரு நீளமான அறை, அதில் குனிந்த தலை நிமிராமல் நாலைந்து பேர். யார் யார் வாய்க்கோ அங்கே பல் செய்துகொண்டிருப்பார்கள். முழு செட்டு, பாதி செட்டு, ஒற்றைப் பல், பல்லுக்கு மேல் மாட்டுகிற தொப்பி. செய்து முடித்ததைச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு, பெயர் ஒட்டி, ஒரு கூடையில் அடுக்கிக் கொடுப்பார்கள். அந்தக் கூடையை வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு கிளினிக் கிளினிக்காகப் போய்க் கொடுப்பதும், அங்கிருந்து புது வாய்களின் அச்சுகளை வாங்கி வருவதும் அவர் வேலை. ஊர்ப் பெரிய மனிதர்கள் பல பேருடைய சிரிப்பு தன் வண்டியில் ஏறித்தான் போனது என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை.

போன் வரும். "அண்ணா, பேஷன்ட் வாயைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்காரு. எங்க இருக்கீங்க?"

"இதோ வந்துட்டேன்மா."

அந்த நேரத்தில் அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடை வாசலில், கையில் டீயோடு நின்றுகொண்டிருப்பார். இதைப் பொய் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பொய் சொல்பவன் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பான். இவர் சொன்னதை நிஜமாக்கப் படாத பாடு படுவார். வாய் முதலில் போய்ச் சேர்ந்துவிடும், பிறகு வண்டி அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டும். அவர் வேகத்துக்கெல்லாம் காரணம் எஞ்சின் இல்லை, அந்த வாய்தான்.

வேகத்தைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுத்தால் விட மாட்டார். "அறுபதுன்னு போர்டு வெச்சிருக்கான்ல, அது அறுபதுக்கு வெச்சதில்ல. எப்படியும் பயலுக எண்பதுல போவானுங்கன்னு தெரிஞ்சு இருபதைக் குறைச்சு வெச்சிருக்கான். நான் அறுபதுல போனா அவன் கணக்கு என்ன ஆவுது?" என்பார். "மெதுவா போறவனுக்குக் கவனம் சிதறும். வேகமா போறவன் கண்ணை இமைக்க மாட்டான்," என்பார். "இருபது வருஷமா ஓட்டறேன், ஒரு எறும்பு செத்திருக்குமா?" என்பது கடைசி அஸ்திரம். எறும்பு வந்து சாட்சி சொல்லவா போகிறது?

கேமரா இருக்கும் இடத்தில் அவரைப் போல ஒழுங்கான மனிதரைப் பார்க்க முடியாது. எந்தக் கம்பத்தில் கேமரா, எது வேலை செய்கிறது, எது வெறும் கூடு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கம்பம் வந்ததும் பவ்யமாக ஊர்ந்து போவார். தாண்டியதும், அங்கே போன நேரத்தை வட்டியோடு வசூல் செய்துகொள்வார். இப்படி அடித்துப் பிடித்து மிச்சம் பிடித்த நேரத்தை என்ன செய்வார் என்றுதானே கேட்கிறீர்கள்? அடுத்த டீக்கடையில் நின்று, எவ்வளவு சீக்கிரம் வந்தேன் தெரியுமா என்று நாலு பேரிடம் சொல்வார்.

வண்டியில் மட்டும்தான் இப்படி என்றில்லை. மனிதருக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளாது. லிப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, அது வருவதற்குள் இன்னும் ஏழெட்டுத் தடவை அழுத்துவார். நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்கார வைத்தால் முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஆடும். வரிசையில் முன்னால் நிற்பவர் முதுகில் மூச்சு விடுவார். கனவில்கூட யாரையாவது முந்திக்கொண்டு போவார் போலிருக்கிறது, தூக்கத்தில் வலது கால் போர்வையை மிதிக்கும்.

அவர் மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவள். அவருடைய வேனில் அவள் ஏறி மூன்று வருஷம் ஆகிறது. கடைசியாகப் போன அன்று, அவர் பிரேக் போடாத இடத்திலெல்லாம் அவள் போட்டாள். தன் காலடியில் இல்லாத பிரேக்கை அவள் மிதித்த மிதியில் செருப்பு வாரே அறுந்துவிட்டது. வீட்டு வாசலில் இறங்கி, அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "இனிமே நான் பஸ்ஸுலேயே போயிக்கறேங்க," என்றாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அதிலிருந்து பஸ்தான். அவளைக் கடையில் கொண்டு விடுகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டார். அவள் பேச்சுக்குக்கூட யோசிப்பதில்லை. இந்த ஒன்று மட்டும் அவருக்கு உள்ளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இதே மனிதர்தான் தன் வீட்டு வாசலில் வேகத்தடை போட்டவர் என்றால் நம்புவீர்களா?

அது போன வருஷத்துக் கதை. தெருவில் பைக்குகள் பறந்தன. ஒருநாள் மனைவி குப்பைக் கூடையை வாசலில் வைக்கக் குனிந்தபோது, ஒரு பைக் அவள் முந்தானையைத் தொட்டுக்கொண்டு போனது. நம்மாளுக்கு வந்ததே கோபம்! "மனுஷங்க குடியிருக்குற தெருவா, ரேஸ் மைதானமா?" என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிமென்டும் ஜல்லியும் வந்து இறங்கின. எதிர்வீட்டுத் தையல்காரர் உட்படத் தெருவே சேர்ந்து நின்றது. நம்மாளே கரண்டி பிடித்து, தன் கேட்டுக்கு முன்னால் தெருவின் குறுக்கே நல்ல உயரமாக ஒரு மேடு போட்டார். இடது ஓரத்தில் மட்டும், சரியாக ஒரு வேன் அகலத்துக்கு, மேடு போடாமல் விட்டார்.

"அங்க ஏன் விட்டுட்டீங்க?" என்று தையல்காரர் கேட்டார்.

"மழைத் தண்ணி போவணுமில்ல?"

தையல்காரர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே அந்த இடைவெளியைப் பார்த்தார். வேனையும் பார்த்தார். "இது வேகத்தடையா, வேகத்துக்கு வழியான்னு புரியலையே சார்," என்றார். நம்மாள் காது கேட்காதவர் போலக் கரண்டியைக் கழுவப் போனார்.

அன்று முதல், அந்த ஓரம் தெரியாமல் பறந்து வந்த பைக்கெல்லாம் மேட்டில் ஏறிக் குதித்துப் போயின. வெள்ளை வேன் மட்டும் இடது ஓரமாக, அலுங்காமல் குலுங்காமல், வந்த வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு போனது.

அதற்கப்புறம் ஒரு தடவை, புதிதாக வைத்த கேமரா ஒன்று அவரைக் கையும் களவுமாகப் பிடித்தது. ஏற்கெனவே மாட்டிய கணக்கும் சேர்ந்துகொள்ள, அரைநாள் சாலைப் பாதுகாப்பு வகுப்புக்கு வா என்று உத்தரவு வந்துவிட்டது. போனால் அங்கே அவரைப் போல முப்பது பேர். டாக்ஸிக்காரர், மீன் வண்டிக்காரர், கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர். யாரைக் கேட்டாலும் தப்பு அடுத்தவன்மேல்தான். "பின்னாடி வந்தவன் ஹாரனை அமுக்கிக்கிட்டே வந்தான், நான் என்ன பண்ண?" என்றார் டாக்ஸி. "ஐஸ் உருகுனா மீனை நீங்க வாங்கிப்பீங்களா?" என்றார் மீன்வண்டி. வகுப்பு எடுத்த அம்மாள் முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவளாம். எல்லாவற்றையும் சிரித்த முகமாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க வீட்டு வாசல் வழியா போற வண்டி எவ்வளவு வேகத்துல போகலாம்?"

"இருபது," என்றார் டாக்ஸி. "பத்து," என்றார் வக்கீல். "எம் பேத்தி வாசல்லதான் விளையாடுவா. எறங்கி வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போகட்டும்," என்றார் மீன்வண்டி. நம்மாளால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, தன் கையாலேயே வேகத்தடை போட்ட கதையைச் சொன்னார். இடது ஓரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. "எல்லாரும் இவருக்குக் கைதட்டுங்க," என்றாள் அந்த அம்மாள். தட்டினார்கள். வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தவர், வகுப்பில் போன நேரத்தைப் பிடிக்க அன்று தொண்ணூறில் போனார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் மாமனார் வந்து சேர்ந்தார்.

மாமனார் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க எழுத்தெழுத்தாகப் படித்தவர். அதுவும் ஒற்றைக் கண்ணால். வலது கண் சின்ன வயதில் ஒரு கல்லடியில் போனது. அதில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். அத்தனை புத்தகத்தையும் படித்த இடது கண்ணில் இப்போது புரை. ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்கு வந்திருந்தார்.

வந்த அன்றே ஒரு வேடிக்கை நடந்தது. மாப்பிள்ளை போனில் "வந்துட்டேன் மாமா" என்று சொன்னதும், பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டார். நின்றவர் நின்றுகொண்டே இருந்தார். மகள்தான் போய் அழைத்து வந்தாள்.

"அப்பா, அவர் வந்துட்டேன்னா கிளம்பிட்டேன்னு அர்த்தம். கிளம்பிட்டேன்னா இன்னும் குளிக்கலேன்னு அர்த்தம்."

"அப்ப நெசமாவே வந்தா என்னம்மா சொல்வாரு?"

"வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஹாரன் அடிப்பாரு."

பெரியவர் தலையை ஆட்டினார், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. "உன்கிட்ட அப்படிச் சொல்லுவாரா இருக்கும். என்கிட்ட எதுக்கும்மா மாப்பிள்ளை அப்படிச் சொல்றாரு?" என்றார். மாப்பிள்ளை வார்த்தையில் அவருக்கு அவ்வளவு மரியாதை. அச்சில் வந்த வார்த்தையைக்கூட அவர் அவ்வளவு நம்பியதில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் கட்டுப் பிரிக்க வேண்டும். தலையில் அடிபடக் கூடாது, குலுங்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று நர்ஸ் ஒரு பட்டியலே படித்தாள். மறுநாள் மனைவிக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. ஆட்டோ வைத்துக்கொள்ளலாமா, பக்கத்து வீட்டில் யாரையாவது கேட்கலாமா என்று அவள் சுற்றிச் சுற்றி யோசிப்பதைப் பார்த்து நம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?"

"அதான் பயமே," என்றாள் அவள்.

"மாமாவை ஒரு குலுக்கல் இல்லாம கொண்டு போயி, ஒரு குலுக்கல் இல்லாம கொண்டாந்து விடறேன். போதுமா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "அப்பாவுக்குக் கண்ணு ஒண்ணுதாங்க. ரெண்டு இருந்தா ஒண்ணை யோசிக்காம உங்ககிட்ட நம்பிக் குடுத்துடுவேன்."

"முள்ளு முப்பதைத் தாண்டாது. சத்தியம்."

"டாக்டர் சாயங்காலம் வெளியூர் கிளம்பிடுவாராம். அதுக்குள்ள போயிடணும். அதுக்காகப் பறக்கவும் கூடாது."

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

அவள் பஸ்ஸுக்குப் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அவள் தன் வண்டியை நம்பி ஒன்றை ஒப்படைப்பது இதுதான் முதல் தடவை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. இதை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டால், நாளைக்கு அவளே வந்து முன் ஸீட்டில் உட்காரக்கூடும். அன்று முழுக்க அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் ஒரு பொறுப்பு இருந்தது.

பொறுப்பு இருந்து என்ன? மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிளினிக்கில் மாட்டிக்கொண்டார். செட்டு கடிக்கிறது என்று ஒரு பாட்டையா மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். டாக்டர் அதை ராவிக் கொடுத்து, திரும்ப மாட்டி, மறுபடியும் ராவி, கடைசியில் லேபுக்கே திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். டப்பாவைக் கூடையில் போட்டுக்கொண்டு, காலில் வெந்நீர் கொட்டியது போல வெளியே ஓடி வந்தார்.

வண்டியில் ஏறியதும் வீட்டுக்குப் போன் போட்டார். "மாமா, தயாரா இருங்க. இதோ வந்துட்டேன்."

"சரிங்க மாப்பிள்ளை."

வாய்தான் சொன்னது. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, வீடு எங்கேயோ இருக்கிறது. பாலத்தில் வண்டிகள் ஆமையாக நகர்ந்தன. அவர் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன. மாமா ஏறிய பிறகு முப்பதைத் தாண்டக் கூடாது. சரி. முப்பதில் போனால் ஆஸ்பத்திரிக்கு நேரம் ஆகும். டாக்டர் கிளம்பிவிடுவார். ஆக, மெதுவாகப் போவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை எங்கே பிடிப்பது? மாமா ஏறுவதற்கு முன்னால்தான் பிடித்தாக வேண்டும். சத்தியம் செய்தது மாமா உள்ளே இருக்கும்போது ஓட்டுகிற வேகத்துக்குத்தானே? இந்தக் கணக்கில் ஓட்டை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. பாலம் முடிந்ததும் முள் எண்பதுக்குப் போனது.

சிக்னலில் நின்றபோது இன்னொரு தடவை போன் போட்டார். "மாமா, தெருமுனை திரும்பிட்டேன். வாசலுக்கு வந்துடுங்க. வந்ததும் ஏறிடலாம்." அந்தச் சிக்னலுக்கும் தெருமுனைக்கும் நடுவில் இன்னும் மூன்று சிக்னல் இருந்தது.

பெரியவர் கதவைப் பூட்டிக்கொண்டு, கைக்கம்பை ஊன்றி வந்தார். இடது கண்ணில் கட்டு. வலது கண்ணில் வெயிலும் நிழலும். மாப்பிள்ளை தெருமுனை திரும்பிவிட்டார் என்றால் வாசலில் நின்று அவரைக் காக்க வைப்பது மரியாதை இல்லை என்று கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார். செருப்பு நுனியால் தரையைத் தடவிப் பார்த்தார். மேடு தட்டியது. தடுக்கி விழுந்தால் கண்ணுக்கு ஆபத்து என்று ஓரமாகத் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் தரை சமமாக இருந்தது. பத்திரமான இடம் என்று அங்கேயே, இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு, ஹாரன் சத்தத்துக்காகக் காத்து நின்றார்.

வெகுநேரம் நின்றார். நம்மாள் நிஜமாகவே தெருமுனை திரும்பியபோது, அவசரத்தில் கண் வாட்சைத்தான் பார்த்தது. கை தன்பாட்டுக்கு வண்டியை இடது ஓரத்துக்குத் திருப்பியது, தினம் திருப்புகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தால் அந்த ஒரு வேன் அகலத்தில் வெள்ளைச் சட்டை.

ஹாரனுக்குக் கை போகவில்லை. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். வண்டி அவர் போட்ட மேட்டில் ஏறிக் குதித்தது, கூடை பறந்தது, டப்பாக்கள் தெறித்தன. இடது பக்கக் கண்ணாடி எதிலோ 'டொக்' என்று தட்டி மடங்கியது. பிரேக் பிடித்து வண்டி நாலு வீடு தள்ளித்தான் நின்றது.

கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ஆயுளில் எத்தனையோ அவசரத்தில் ஓடியவர்தான். ஆனால் இப்படி ஓடியதில்லை.

பெரியவர் தரையில் உட்கார்ந்த வாக்கில் கிடந்தார். கம்பு எங்கேயோ கிடந்தது. இரண்டு உள்ளங்கையாலும் கட்டுப் போட்ட கண்ணை மூடிக்கொண்டிருந்தார். விழும்போது கையைக் கீழே ஊன்றாமல் கண்ணைத்தான் காப்பாற்றியிருக்கிறார். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது.

"மாமா! மாமா!"

"மாப்பிள்ளையா? வந்துட்டீங்களா? நல்லவேளை!" பெரியவர் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "எவனோ ஒரு படுபாவிங்க. கண்ணுமண்ணு தெரியாம வந்து தோளுல அடிச்சுட்டுப் போயிட்டான். ஒரு ஹாரன் கூட அடிக்கல. நீங்களா இருந்தா ஹாரன் அடிச்சிருப்பீங்கல்ல?"

நம்மாள் நாலு வீடு தள்ளி நின்ற வேனைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன நிக்கறீங்க? போங்க, போயி அவனைப் புடிங்க மாப்பிள்ளை. நீங்கதான் வேகமா ஓட்டுவீங்களே! உங்க வேகத்துக்கு அவன் எம்மாத்திரம்?"

தையல் மெஷின் நின்ற சத்தம் கேட்டது. தையல்காரர் ஓடி வந்தார். பெரியவரைப் பார்த்தார், தள்ளி நின்ற வேனைப் பார்த்தார், மடங்கிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். பெரியவரின் இன்னொரு பக்கம் கை கொடுத்துத் தூக்கி, சட்டையில் மண்ணைத் தட்டிவிட்டார். "மேட்டுல ஏறி வந்திருக்கலாம்," என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அதைத்தான் சொல்றேன்," என்றார் பெரியவர். "மாப்பிள்ளை கஷ்டப்பட்டு மேடு போட்டிருக்காரு. அதை மதிக்காத பயலுக!"

வண்டியில் ஏற்றி உட்கார வைத்தார்கள். பெரியவர் காலை உள்ளே வைத்ததும் வெடுக்கென்று தூக்கினார். "என்ன மாப்பிள்ளை, கால்ல ஏதோ கடிக்குது?" பார்த்தால், கிளினிக்கில் மல்லுக்கு நின்ற அந்தச் செட்டு மூடி திறந்து கீழே கிடந்தது. மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக, நம்மாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்து டப்பாவில் போட்டு மூடினார்.

ஆஸ்பத்திரிக்கு இருபதில் போனார். முப்பது கூட இல்லை, இருபது. பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான், ஒருவன் ஜன்னலைத் திறந்து திட்டிவிட்டுப் போனான். இடது கண்ணாடியை நிமிர்த்தக்கூட இல்லை. மாமா பக்கம் திரும்பிப் பார்ப்பதும், கண்கட்டில் ரத்தம் தெரிகிறதா என்று தேடுவதும், தெரியாமல் போனதும் மூச்சு விடுவதும், அடுத்த நொடியே மறுபடி பார்ப்பதுமாக இருந்தார்.

"கண்ணு வலிக்குதா மாமா?"

"கண்ணு வலிக்கல. தோளுதான். ஆமா, என்ன இப்படி உருட்டறீங்க? டாக்டர் போயிடப் போறாரு. எனக்காகப் பாக்காதீங்க, கொஞ்சம் அமுக்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். அவர் வாய்க்கு முந்திக்கொண்டு போகத்தான் தெரியும். தேவைப்பட்ட இடத்துக்கு வந்து சேரத் தெரியவில்லை.

டாக்டர் கிளம்பப் பையை எடுத்த சமயத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கீழே விழுந்தார் என்றதும் டாக்டரின் முகம் மாறியது. பெரியவரை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நம்மாள் வராந்தாவில் நின்றார். நாற்காலி இருந்தது, உட்கார முடியவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். ஜன்னலிலிருந்து வேன் தெரிந்தது, மடங்கிய கண்ணாடியோடு. பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, ஏதோ ஒரு கிளினிக். இந்த மனிதருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு கதவு சீக்கிரம் திறந்துவிடக் கூடாதே என்று இருந்தது. திறக்க வேண்டுமே என்றும் இருந்தது.

மனைவி ஓடி வந்தாள். தையல்காரர் போன் பண்ணியிருக்கிறார். மருந்துக் கடை நீலச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். "அப்பா எங்க? கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே?" அவர் கதவைக் காட்டினார். "யாருங்க இடிச்சது? வண்டி நம்பர் பாத்தீங்களா? தையல்காரர்கிட்ட கேட்டா உங்ககிட்டயே கேட்டுக்கச் சொல்றாரு."

அதற்குள் கதவு திறந்தது. "கண் தப்பிச்சுது," என்றார் டாக்டர். "லென்ஸ் நகரல. கையால மூடிக்கிட்டதால பொழைச்சது. இன்னொரு அடி பட்டிருந்தா நான் பொறுப்பில்ல."

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கண் சிவந்து நீர் வழிந்தது, ஆனால் திறந்திருந்தது. சுவரில் இருந்த காலண்டரின் பொடி எழுத்தை எட்ட இருந்தே படித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும், "இளைச்சுட்டியேம்மா," என்றார். அவள் அழுதுவிட்டாள். பிறகு மாப்பிள்ளையைக் கைநீட்டிக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் வீட்டுக்காரர் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன் தெரியுமா? சரியா அந்த நேரத்துக்கு வந்து தூக்கினாரு. வழியெல்லாம் பூ மாதிரி கூட்டிக்கிட்டு வந்தாரு. நீதான் அவரைக் குறை சொல்லிக்கிட்டே இருக்கே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மூன்று வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அது அவருக்கே. தையல்காரர் சொல்ல மாட்டார்.

பெரியவர் விடவில்லை. "இப்பதான் எனக்குக் கண்ணு தெரியுதே மாப்பிள்ளை. அந்தப் படுபாவியை எப்படியாவது புடிச்சு எம் முன்னாடி நிறுத்துங்க. மூஞ்சி எப்படி இருக்குன்னு நான் பாக்கணும்."

நம்மாள் முழங்கால் ஆடவில்லை. கை கால் எல்லாம் அப்படி அப்படியே நின்றது.

"புடிச்சுட்டேன் மாமா," என்றார்.

"புடிச்சுட்டீங்களா? எங்க?" பெரியவர் ஆர்வமாகக் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். கதவில் யாரும் இல்லை. வராந்தாவிலும் யாரும் இல்லை. மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கணவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவரும் திரும்பி, தான் கையைப் பிடித்திருந்த ஆளின் முகத்தைப் பார்த்தார். கிட்டத்தில், நிதானமாக, ஒரு எழுத்து விடாமல் படிப்பதுபோலப் பார்த்தார்.

கோபப்படுவார் என்றுதான் நம்மாள் காத்திருந்தார். பெரியவருக்குக் கோபம் வரவில்லை. புரியாத முகத்தோடு, மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார்.

"வந்துட்டேன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை," என்றார்.